இடிக்குக் கழற்றிய பிளக்

என் கணவரின் ஜனாஸாவைத் தூக்கப்போகும் நேரத்தில் நான் ஒரு பிளக்கைக் கழற்றினேன். அதனால் கட்டாரில் இருந்த என் மகன் தன் வாப்பா வீட்டை விட்டுப் போனதைப் பார்க்கவில்லை. எழுதினால் இரண்டு வரிதான். அவனிடம் வாய் திறந்து சொல்ல எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

முதலில் அந்தப் பிளக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கல்முனையில் எங்கள் வீட்டு முன் ஹோலில், கண்ணாடி அலுமாரிக்குப் பக்கத்துச் சுவரில், இன்டர்நெட் கம்பனிக்காரர்கள் பூட்டிவிட்டுப் போன வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. எல்லோரும் அதை மோடம் என்கிறோம். ரோட்டுக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் அதற்குள் போகிறது, அதிலிருந்து வீட்டுக்கு வைஃபை வருகிறது. இதற்கு முன் இருந்த மோடம் ஒரு மாரிக்கால இடியில் கருகிப்போனது. அது கருகும்போது பக்கத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர் என் கணவர். அன்றோடு மனிதர் மாறிவிட்டார். அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பாம்புக்குப் பயமில்லை, மேலதிகாரிக்குப் பயமில்லை, எனக்குக்கூடப் பெரிதாகப் பயமில்லை. இடிக்கு மட்டும் அப்படியொரு பயம்.

கடல் பக்கம் ஒரு உறுமல் கேட்டால் போதும், "பிளக்கக் கழட்டு!" என்று சத்தம் வரும். குளியலறைக்குள்ளே இருந்தும் வரும். தொழுகைப் பாயில் நின்றால் மட்டும் வராது, ஸலாம் கொடுத்த கையோடு வரும். நான் கையில் ரொட்டி மாவோடு ஓடியிருக்கிறேன். மீன் செதிலோடு ஓடியிருக்கிறேன். கணக்குப் பேப்பர் திருத்திய சிவப்புப் பேனாவோடும் ஓடியிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள் நான், யாருடைய அதட்டலுக்கும் எழும்பாதவள். அவருடைய அந்த ஒரு அதட்டலுக்கு மட்டும் எழும்பி ஓடுவேன்.

"நீங்க எழும்பிக் கழட்டினா என்ன, கையில மருதோண்டியா?" என்று கேட்பேன்.

"உன்ட கைதான் ராசி" என்பார். எழும்ப மாட்டார்.

அவர் மௌத்தானது டிசம்பர் மாரியில். விடியச் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. பின்னேர அஸர் தொழுகையோடு அடக்கம் என்று முடிவானது. மகன் லீவு முடிந்து திரும்பிப்போய் மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. லீவு கிடைத்து அன்றைக்கே பிளேன் ஏறினாலும் அஸருக்கு வந்து சேர ஏலாது. எங்களில் ஜனாஸாவை வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருப்பதும் இல்லை. அதனால் பக்கத்து வீட்டில் இருக்கும் என் தங்கச்சியின் மகள் தன் போனை எங்கள் வைஃபையில் போட்டு, அவனுக்கு வீடியோ கோல் எடுத்து, போனை அலுமாரியின் மேல்தட்டில் சாத்திவைத்தாள். அங்கிருந்து பார்த்தால் ஹோலும் முன் கதவும் தெரியும்.

குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து, முகத்தை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். பெண்கள் கடைசியாக முகம் பார்த்தோம். அலுமாரியின் மேலே என் மகன் வேலைத்தளத்து உடுப்போடு தெரிந்தான். ஒரு தீப்பெட்டி அளவு. அழுகிறானா என்று பார்க்கக்கூட அந்தத் திரை போதவில்லை. "ஆம்பிளையள் தூக்க வாறாங்க, உள்ள வாங்க ராத்தா" என்று தங்கச்சி என் கையைப் பிடித்தாள்.

அப்போது இடி இடித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. தங்கச்சியின் பிடியிலிருந்து கையை எடுத்தேன், குனிந்தேன், அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கைக் கழற்றினேன், உள்ளே போனேன். அவர் சத்தம் போடும்வரை காத்திருக்கவும் இல்லை. அந்த நேரத்தில் அது எனக்கு ஒரு பிழையாகவே தெரியவில்லை. அந்த நாள் முழுவதிலும் எனக்குச் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

வெளியே எங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவு மழைத் தண்ணீர். முன் கேட் வழியாகச் சந்தூக்கைக் கொண்டு போக வழியில்லை. எங்கள் ஊர்களில் அக்கா தங்கச்சிக்கு ஒரே வளவில் அடுத்தடுத்து வீடு கட்டிச் சீதனமாகக் கொடுப்பார்கள், நடு மதிலில் போக்குவரத்துக்கு ஒரு சின்ன வாசல் விடுவார்கள். எங்கள் மதில் வாசல் ஒரு ஆள் நுழையும் அகலம். தங்கச்சியின் கணவர் அலவாங்கு எடுத்து அதன் இரண்டு பக்கத்துக் கல்லையும் தட்டி விரித்தார். ஹோலிலிருந்து சமையலறைப் பக்கம் திருப்பி, பக்கக் கதவால் இறக்கி, அந்த உடைப்பால் தங்கச்சியின் வளவுக்குள் எடுத்து, அந்தப் பக்கத்து மேட்டு ரோட்டால் அவரை அடக்க மையவாடிக்குக் கொண்டு போனார்கள். நான் பின்னறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். உடைப்பில் வரும்போது சந்தூக்கு ஒரு பக்கம் சரியப் பார்த்தது, யாரோ தோளைக் கொடுத்து நிமிர்த்தினார். அவ்வளவுதான் நான் கண்டது.

பொழுதுபட்டு, மஃரிபுக்குப் பிறகு மகன் சாதாரணக் கோலில் எடுத்தான்.

"லைன் போயிட்டு உம்மா" என்றான்.

அந்த நிமிடத்தில்தான் எனக்கு விளங்கியது. போனைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம். என் வாயில் வந்தது வேறு.

"ஓம் மகன், லைன் போயிட்டு" என்றேன்.

அப்படித்தான் அந்தப் பொய் தொடங்கியது. பிள்ளைகள் வீட்டுக் கணக்கைப் பார்த்தெழுதிக்கொண்டு வந்தால் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று பெயர் எடுத்தவள் நான். என் சொந்தப் பொய்யைப் பிடிக்க அங்கே யாரும் இருக்கவில்லை.

பிறகு இத்தா. கணவரை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, அத்தர் இல்லை, வெளிப்பயணம் இல்லை. மார்க்கம் சொல்வது அவ்வளவுதான். அதற்கு மேலே ஊர் தன் பங்குக்குச் சேர்த்தது நிறைய. வெள்ளைதான் உடுக்க வேண்டும், முன் ஹோலில் இருக்கக் கூடாது, கலியாணம் முடிக்கக்கூடிய உறவுமுறை ஆண்களின் கண்ணில் படக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது. நான் இதையெல்லாம் ஒரு காலத்தில் வாய் கிழிய எதிர்த்துக் கதைத்தவள். எனக்கென்று வந்தபோது எதிர்க்கத் தெம்பு இருக்கவில்லை. பின்னறையைக் காட்டினார்கள், போய் இருந்துகொண்டேன். தங்கச்சி ஹோல் அலுமாரியின் கண்ணாடியை ஒரு வெள்ளைச் சீலையால் மூடினாள். சீலை பெரிது, மோடமும் அதற்குள் போய்விட்டது. அதுவும் என்னோடு சேர்ந்து இத்தா இருந்தது.

முதல் இரண்டு கிழமை பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வந்தவர்கள் எல்லாம் அவர் எப்படிப் போனார் என்று கேட்டார்கள், நானும் தேத்தண்ணி ஊற்றப் போனதிலிருந்து ஒவ்வொருவருக்கும் சொன்னேன். பிறகு வரவு குறைந்து நின்றுபோனது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோருக்கும் வீடு வாசல் இருக்கிறது. தங்கச்சி காலையும் மாலையும் மதில் உடைப்பால் சோறு கொண்டு வருவாள், கொஞ்ச நேரம் இருப்பாள். அவளுக்கும் பேரப்பிள்ளைகள், வேலை. எங்களுக்கு ஆண் சகோதரம் இல்லை. அவளுக்கும் பெண் பிள்ளைகள்தான், அதனால் நான் முன்னால் வரத்தக்க ஆண் என்று ஊரில் ஒருவரும் இல்லை. எனக்குப் பெண் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். மகளைப் பெற்றவளின் வீட்டில் கடைசிவரை ஆள் நடமாட்டம் இருக்கும். மகனை மட்டும் பெற்றவள் ஒருநாள் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்தக் கணக்கில் நான் எப்போதும் எங்களை இரண்டு பேராகவே போட்டு வைத்திருந்தேன்.

தனிமை என்பது அழுகை என்றுதான் நினைத்திருந்தேன். அழுகை கொஞ்ச நாளில் குறைந்துவிட்டது. குறையாதது வேறு. பின்னறையில் இருந்தபடியே, "இஞ்ச, சீனி முடிஞ்சி போச்சு" என்று ஹோலைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு காது "ம்" ஒன்றுக்காகக் காத்திருக்கும். வராது. எனக்குக் கோபம் வரும், மனிதர் வேண்டுமென்றே பதில் சொல்லாமல் இருப்பது போல. பிறகு அந்தக் கோபத்துக்காக வெட்கம் வரும். ஒரு நாளில் இது எத்தனை முறை நடக்கும் என்று யாரிடம் சொல்வது? சொன்னால் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஓதிக் கொண்டு வந்துவிடுவார்கள்.

மகன் ஒவ்வொரு நாளும் எடுப்பான். என் போனில் ரீலோட் காசு போட்டு வரும் டேட்டாவில்தான் கதைப்போம். பின்னறையில் சிக்னல் குறைவு, வீடியோ போட்டால் அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். குரல் மட்டும் வரும், அதுவும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல. "வைஃபை இன்னும் சரிவரல்லியா உம்மா?" என்று கேட்பான். "இல்ல மகன்" என்பேன். போனில் வைஃபைப் பட்டியலைத் திறந்து பார்ப்பேன். சுற்று வீடுகளின் பெயர்கள் வரிசையாக வரும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். எங்கள் வீட்டுப் பெயர் மட்டும் அதில் இருக்காது.

அந்தப் பிளக்கைத் திரும்பக் குத்தினால் வந்துவிடும் என்று எனக்குத் தெரியும். ஹோலுக்குப் போக எனக்குத் தடை இல்லை, முன் கதவு சாத்தியிருந்தால் நான் வீடெல்லாம் நடப்பவள்தான். ஆனால் குத்தினால் வேலை செய்யும். வேலை செய்தால் லைனில் பிழையில்லை என்று ஆகிவிடும். பிறகு அன்றைக்கு என்ன நடந்தது என்று அவன் யோசிப்பான். யோசிக்காவிட்டாலும் நான் யோசிப்பேன். அதனால் சீலைக்குள் இருந்ததை இருந்தபடி விட்டேன். தங்கச்சிக்கு அது சுவரில் உள்ள ஒரு பெட்டி, அவள் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் மகன் சும்மா இருக்கும் ஆள் இல்லை. கட்டாரில் இருந்தபடியே கம்பனிக்குக் கோல் எடுத்து முறைப்பாடு வைத்தான், பிறகு அதைவிடக் கடுமையாக ஒன்று வைத்தான். ஒருநாள் கம்பனிக்காரர் ஒருவர் ஏணியோடு வந்து கம்பத்தில் ஏறினார். இறங்கிக் கேட்டடியில் நின்று தங்கச்சியோடு கதைத்தார், எங்கள் ஊரில் அக்காவைக் கூப்பிடும் தாத்தா என்ற முறையில். நான் பின்னறைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"லைன் நல்லா இரிக்கி தாத்தா. உள்ள வந்து பெட்டியப் பாக்கட்டா?"

"இது இத்தா வீடு தம்பி. ராத்தா பின்னறையில இரிக்கா. அங்க வைஃபை வருகுதில்ல."

"அப்ப அதுதான் காரணம். முன்னுக்கு இரிக்கிற பெட்டி பின்னறை வரைக்கும் எடுக்காது. வேறயா ஒரு ரவுட்டர் வாங்கி, இதுல இருந்து வயர் இழுத்து அங்க வெக்கணும். அது எங்கட வேலை இல்ல தாத்தா, எங்கட வேலை பெட்டியோட சரி."

சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பாவம், ஒரு பிழையும் செய்யாதவர்கள் என் மகனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது என்னால். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் காது சுட்டது.

ஒரு மாதத்துக்குள் கட்டாரிலிருந்து லீவில் வந்த யாரோ ஒருவரின் கையில் மகன் ரவுட்டர் அனுப்பிவிட்டான். கறுப்புப் பெட்டி, இரண்டு கொம்பு வேறு. கூடவே சுருட்டிய நீள வயர். தங்கச்சி அதை என் கட்டிலில் வைத்துவிட்டு, "எங்கட ஆள் வரட்டும், அவரைக்கொண்டு பூட்டுவம். நீங்க அந்த நேரம் குசினி அடுப்படியில இரிங்க" என்றாள். அவளுடைய கணவர் அப்போது இறக்காமத்து வயலில் காவல் வாடி போட்டுக் கிடந்தார். வெள்ளாமை முற்றும் நேரம், யானை இறங்கினால் எல்லாம் போய்விடும். எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. வந்தாலும் அலவாங்கு பிடிக்கத் தெரிந்த அளவுக்கு அவருக்கு வயர் பிடிக்கத் தெரியாது.

உண்மைக் காரணம் அதுவல்ல. வேறு யாராவது வந்து அந்தச் சீலையை நீக்கினால், பிளக் கழன்று கிடப்பதைக் காண்பார்கள். "அட, இதுதானே விஷயம்" என்று சிரித்துக்கொண்டு குத்திவிடுவார்கள். அது எனக்குத் தாங்காது. நானே பூட்டுகிறேன் என்று மகனிடம் சொன்னேன்.

"உங்களுக்கு ஏலுமா உம்மா?"

"உனக்குப் பின்னம் படிப்பிச்சவள் நான். எது பெரிசு எண்டு நீயே சொல்லு."

அவன் சிரித்தான். வாப்பா போன பிறகு அவன் சிரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

அடுத்த நாள் காலை, தங்கச்சி சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போன பிறகு, முன் கதவைப் பூட்டினேன். போனை ஸ்பீக்கரில் போட்டு இடுப்புச் சீலையில் செருகிக்கொண்டேன். மகன் வேலைக்குப் போகுமுன் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தான்.

"முதல்ல ரவுட்டரை எடுங்க. பின்னுக்கு ஓட்டை அஞ்சு இரிக்கும்."

"இரிக்கி. நாலு மஞ்சள், ஒண்டு நீலம்."

"வயர்ட ஒரு முனையைக் குத்துங்க."

குத்தினேன். டிக் என்று சத்தம் வந்தது.

"எந்த நிறத்துல குத்தினீங்க?"

"மஞ்சள்ல."

"கழட்டுங்க உம்மா. நீலத்துலதான் குத்தணும். மோடத்துல இருந்து வாறது நீலத்தால உள்ள வரும், மஞ்சள் வெளிய போறதுக்கு."

"அத முதல்லயே சொன்னா என்ன? கேள்வி அரைகுறையா இருந்தா விடையும் அப்படித்தான் வரும்."

நீலத்தில் மாற்றிக் குத்தினேன். ரவுட்டரைப் பின்னறை ஜன்னல் கட்டின் மேல் வைத்தேன். வயரைக் கதவுக்கு மேலே காற்று வரும் ஓட்டையால் அந்தப் பக்கம் போட வேண்டும். ஸ்டூலில் ஏறினேன். அறுபது தாண்டிய பொம்பிளை, வெள்ளைச் சீலையோடு, கையில் வயரோடு ஸ்டூலில் நிற்பதைத் தங்கச்சி கண்டிருந்தால் வேறு எதையோ நினைத்துக் கத்தியிருப்பாள். வயர் அந்தப் பக்கம் விழுந்தது. இறங்கினேன். சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். சாய்மனைக் கதிரையைத் தாண்டும்போது காலை ஒடுக்கித் தாண்டினேன், அவர் நீட்டிக்கொண்டிருக்கும் காலில் தட்டுப்படாமல் தாண்டும் பழக்கம்.

"ஹோலுக்கு வந்திட்டீங்களா?"

"வந்திட்டன்."

சீலையை நீக்கினேன். மோடத்தில் தூசி. ஒரு லைட்டும் இல்லை. கீழே பிளக், நான் போட்ட இடத்தில், போட்டபடி.

"வயர்ட மத்த முனையை மோடத்துட பின்னுக்குக் குத்துங்க. அதுல மஞ்சள் ஓட்டை."

குத்தினேன்.

"சரி. இப்ப மோடத்துட பிளக்கக் கழட்டுங்க. கொஞ்சம் பொறுத்துட்டுத் திரும்பக் குத்துங்க. அப்பதான் அது புதுசா ரவுட்டரைப் பிடிக்கும்."

நினைத்திருந்தால் அங்கேயே தப்பியிருக்கலாம். கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டு, "கழட்டினன், குத்திட்டன்" என்று சொன்னால் முடிந்தது. லைட் வந்திருக்கும், வைஃபை வந்திருக்கும், ஒரு பூதமும் வந்திருக்காது. ஆனால் "பிளக்கக் கழட்டுங்க" என்று அவன் சொன்னது என் காதில் அவன் குரலாக விழவில்லை. அதே ஹோல், அதே அலுமாரி. நான் தரையில் இருந்துவிட்டேன்.

"உம்மா? கழட்டிட்டீங்களா?"

"அது கழண்டுதான் மகன் கிடக்கு."

"எப்ப கழண்டது?"

"அண்டைக்கு" என்றேன். "லைன் போகல்ல மகன். நான்தான் கழட்டினன். இடி இடிச்சிச்சு, வாப்பா சொல்ற மாதிரியே இரிந்திச்சு, கை போயிட்டு. நீ பாத்துக்கொண்டிருக்காய் எண்டு எனக்கு அந்த நேரம் ஓடல்ல. மூணு மாசமா இதுல கிடக்கு. நான் உன்னட்டச் சொல்லல்ல."

ரீலோட் முடிந்துவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். முடியவில்லை, நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவனுடைய அறையில் குளிரூட்டி இரைவது மட்டும் கேட்டது. ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"உம்மா" என்றான். "கோல நான்தான் கட் பண்ணினன்."

"என்ன சொல்றாய்?"

"வாப்பாவத் தூக்கிக்கொண்டு முன் கதவால போனாங்கதானே. கேட்டடிக்குப் போய்க் கொஞ்சம் நிண்டாங்க, புறகு வெளிய எடுத்தாங்க. அதோட என்னால பாக்க ஏலாமப் போச்சு, நான் கட் பண்ணிட்டன். உங்களுக்குச் சொல்ல வெக்கமா இரிந்திச்சு, அதான் லைன் போயிட்டு எண்டு சொன்னன். நீங்க கழட்டினது அதுக்குப் புறகாக்கும். நான் எல்லாம் பாத்திட்டன் உம்மா. நீங்க ஒண்டையும் யோசிக்காதீங்க."

சமையலறைப் பக்கக் கதவு திறந்திருந்தது. நான் தரையில் இருந்த இடத்திலிருந்து மதில் தெரிந்தது. இரண்டு பக்கமும் கல் பெயர்ந்து, சாப்பாட்டுக் கோப்பையோடு தங்கச்சி தாராளமாகப் போய்வரும் அந்த உடைப்பு. மூன்று மாதமாக நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்த உடைப்பு. அவனுடைய வாப்பா போனது அதன் வழியாக. கேட் வழியாக அல்ல. கேட்டடியில் ஒருவரும் நிற்கவில்லை, அங்கே முழங்கால் தண்ணீர். நான் கழற்றியபோது அவரை யாரும் தூக்கியிருக்கவும் இல்லை. என் பிள்ளை ஒன்றையும் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை, எல்லா வீட்டிலும் எல்லா ஜனாஸாவும் போகும் விதமாக, அந்த நிமிடத்தில் எனக்காக உண்டாக்கிச் சொன்னான்.

முப்பத்தொரு வருடம் பொய்யைப் பிடித்த வாய் திறக்கப் பார்த்தது. மூடிக்கொண்டேன். அவன் பட்டதை நினைத்தா, அவன் என் மேல் வைத்த இரக்கத்தை நினைத்தா என்று எனக்குத் தெரியாது. இரண்டும்தான்.

"ஓம் மகன்" என்றேன். "கேட்டடியில கொஞ்சம் நிண்டாங்கதான்."

அவன் மூச்சு விட்டது கேட்டது.

"குத்தட்டா?" என்று கேட்டேன்.

"குத்துங்க உம்மா."

குத்தினேன். முதலில் ஒரு பச்சை லைட் வந்தது. பிறகு ஒன்று மினுங்கியது, பிறகு இன்னொன்று. எல்லாம் நிற்கும்வரை பொறுக்கச் சொன்னான், பொறுத்தேன். பின்னறைக்குப் போய் ரவுட்டருக்குக் கரண்ட் கொடுத்தேன். அதன் அடியில் பொடி எழுத்தில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைக் கண்ணாடி போட்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்துப் போனில் அடித்தேன். இரண்டு முறை பிழைத்து மூன்றாம் முறை சரிவந்தது. கோலை வைத்துவிட்டுத் திரும்ப வீடியோவில் எடுத்தான்.

முகம் முழுதாக வந்தது. உடையவில்லை, நிற்கவில்லை. தாடி வளர்ந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. என்னை அவன் வெள்ளையில் காண்பது அதுதான் முதல் தடவை, காதும் கழுத்தும் வெறுமையாக.

"மெலிஞ்சிட்டீங்க" என்றான்.

"நீ மட்டும் என்ன, கொழுத்துப் போய் நிக்கிறியா?"

"போனத் திருப்புங்க உம்மா, வீட்டப் பாப்பம்."

எழும்பி ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். பிறகுதான் போனைத் திருப்பினேன். அறையைக் காட்டினேன், ஹோலைக் காட்டினேன், கதிரையைக் காட்டினேன். சமையலறைப் பக்கம் போகவில்லை.

அறுவடை முடிந்து தங்கச்சியின் கணவர் வாடியிலிருந்து வந்ததும் மதிலைக் கட்டச் சொல்லி அவளிடம் சொன்னேன். "இப்ப என்ன ராத்தா அவசரம், விசாலமா இரிக்கிது நல்லம்தானே" என்றாள். மகன் வருவதற்கு முன் கட்டி, பூசி, பழைய நிறமே அடிக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனால் கட்டினார்கள். இப்போது அங்கே பழையபடி ஒரு ஆள் நுழையும் வாசல்தான். கையால் தடவினால் மட்டும் புதுப் பூச்சு தெரியும்.

இத்தா முடிய நாலைந்து நாள் இருக்கும்போது ஒரு பின்னேரம் மகனோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தேன். சித்திரை வெயிலில் வெந்த வானம் திடீரென்று கறுத்தது. வயல் பக்கம் உறுமியது. அவன் கதையை நிறுத்தினான்.

"உம்மா, இடிக்குது. பிளக்கக் கழட்டுங்க."

நான் அசையவில்லை.

"கழட்டுறன். நீ முதல்ல வை" என்றேன்.

"நீங்க போங்க உம்மா, இடி கிட்ட கேக்குது."

"இடிக்கட்டும். நீ வை, புறகு நான் கழட்டுறன்."

அவன் என்னைப் பார்த்தான். ஸலாம் சொன்னான், பதில் சொன்னேன், வைத்தான். அவன் முகம் போய்த் திரை கறுத்ததைப் பார்த்த பிறகு, எழும்பிப் போய்க் கழற்றினேன்.